கிழக்கு பார்த்த தெற்கு வாசல்

1

நேற்று என் தங்கை சாந்தி ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். ஒரு சின்ன இரும்புக் கதவு. பச்சை பெயிண்ட். இரண்டு பக்கமும் இன்னும் வெள்ளையடிக்காத சுவர். சுவரோரம் ஓர் ஆடு, தனக்கு ஏன் வழி இல்லை என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது. வேறு ஒன்றுமே இல்லை. ஆனால் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அதை எடுத்துப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

இங்கே பால் பவுடர் ஆலையில் என்னோடு வேலை செய்கிற கிரெக் அதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் மனைவி படம், பிள்ளை படம், நாய்க்குட்டி படம் வைப்பார்கள், நீ எதற்குக் கதவை வைத்திருக்கிறாய் என்று கேட்டான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கதவு என்றேன். அதில் என்ன விசேஷம் என்றான். சொல்ல ஆரம்பித்தேன். டீ இடைவேளை முடிந்துவிட்டது, நான் இன்னும் எமதர்மனை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கென்றால் பாதிக் கதையைச் சொல்லவே வேண்டாம்.

நான் இருப்பது நியூசிலாந்தில் ஒரு சிற்றூர். சுற்றிலும் புல், புல் முழுக்க மாடு. உலகப் படத்தை விரித்துவைத்துக் கீழே கீழே என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்தால், இனி ஊரே இருக்காது என்று நினைக்கிற இடத்தில் எங்கள் ஊர் வரும். அதற்கும் தெற்கே போனால் பனிதான்.

2

சாந்தி எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. கடத்தூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் எங்கள் ஊர். அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மாதான் இந்தக் குழுவுக்குத் தலைவியாக வர முடியும் என்று விதி. அவள் மகன் நான்காம் வகுப்பு. வேறு யாரும் முன்வரவில்லை. "நீதான் கொஞ்சம் பேசுவ, நீயே இரு" என்று அவளைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் என்பது ஊராரின் பெருந்தன்மை. அவள் பேச ஆரம்பித்தால் நான் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவி முடித்து வரலாம்.

தலைவியான புதிதில் அவளுக்கு ஒரே புலம்பல். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல். அந்த நேரத்தில் அம்மாக்கள் தக்காளி பறிக்கப் போயிருப்பார்கள், இல்லையென்றால் மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருப்பார்கள். கூட்டத்துக்கு வருவது தலைமையாசிரியை, சாந்தி, தண்ணீர் குடிக்க உள்ளே வந்து மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர். மற்றவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார்கள். என்ன தீர்மானம் என்று கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். பள்ளிக்கு அடுத்து என்ன வேண்டும் என்று ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். அதையும் டீச்சரே எழுதி, டீச்சரே படித்து, டீச்சரே சரி என்று சொல்லிக்கொள்வார்.

சாந்தி ஒரு வேலை செய்தாள். நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கே போய்விட்டாள். காலையில் அங்கே ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடப் பேச்சை எடுப்பாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் அதையே தீர்மானமாக எழுதுவார்கள். டீச்சர் முதலில் தயங்கினாராம். இதற்கு விதி இருக்கிறதா என்று கேட்டாராம்.

"பேச்சு ஏரிக்கரையில, கையெழுத்து பள்ளிக்கூடத்துல. பேசறதுக்கு எந்த விதிங்க டீச்சர் வேணும்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து எங்கள் ஊரில் அப்படித்தான் நடக்கிறது.

3

இங்கேயும் அப்படி ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு வாரியம். பெற்றோர் ஓட்டுப் போட்டு ஆட்களை அனுப்புகிறார்கள். தலைமையாசிரியரை வேலைக்கு எடுப்பதே அந்த வாரியம்தான் என்று தெரிந்த அன்று எனக்குத் தலை சுற்றியது. எங்கள் காலத்தில் தலைமையாசிரியர் தெருவில் வந்தால் நாங்கள் வேறு தெருவில் போவோம்.

ஒருமுறை பள்ளியின் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வாருங்கள் என்று எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்தது. போனேன். மாவோரி மொழியில் ஒரு பிரார்த்தனை சொல்லி ஆரம்பித்தார்கள். பிஸ்கட் நிறைய இருந்தது, ஆட்கள் இல்லை. தலைமையாசிரியர் உள்ளே வந்ததும் நான் மட்டும் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்து, ஏதோ கேள்வி கேட்கப் போகிறேன் என்று நினைத்து, சொல்லுங்கள் என்றார். கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதையும் பெற்றோர் கருத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

என் மகள் இனியாவுக்கு இந்தக் கதை அவமானம். ஐந்து வயதில் இங்கே வந்தவள், இப்போது உயர்நிலைப் பள்ளி. வந்த புதிதில் வாய் ஓயாமல் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தமிழில் பேசினாலும் ஊரில் யாராக இருந்தாலும் "நீ"தான். அத்தையும் நீ, தாத்தாவும் நீ. திருத்தினால் பேசுவதையே நிறுத்திவிடுவாள் என்று பயந்து நான் திருத்துவதை விட்டுவிட்டேன். போன செப்டம்பரில் அவள் மாணவர்கள் சார்பில் அந்த வாரியத்துக்கு நின்று ஜெயித்தாள். எனக்கு அதை வேறொரு பெற்றோர் சொல்லித்தான் தெரியும். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வந்து எழுந்து நிப்ப" என்றாள்.

சாந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வூட்டுல ரெண்டு பேரு பள்ளிக்கூடத்தை நடத்தறம் என்றாள். அதே மூச்சில் குரல் இறங்கிவிட்டது. பள்ளிக்குச் சுவர் வரப் போகிறது, அதனால் பள்ளியே போய்விடும் போலிருக்கிறது என்றாள்.

4

சுவரைக் கேட்டவளே அவள்தான். திட்டத்தில் முதல் கோரிக்கையாக எழுதியதும் அவள்தான். பள்ளி மைதானம் திறந்து கிடந்தது. ராத்திரி குடிக்கிறவர்கள் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள், காலையில் பிள்ளைகள் செருப்பில்லாமல் வந்து மிதிப்பார்கள். இங்கே பள்ளிகளுக்குச் சுவரே கிடையாது என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். உங்கள் ஊரில் ஆளைவிட ஆடு அதிகம் என்றாயே, அதுவெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருமா என்றாள்.

சுவருக்கு ஒப்புதல் கிடைத்து, ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரைபடமும் வந்துவிட்டது. நான்கு பக்கமும் சுவர், கிழக்கே மெயின்ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு வாசல். அங்கேதான் சிக்கல். பள்ளியில் பாதிப் பிள்ளைகள் மேட்டுக்கொட்டாயிலிருந்து வருகிறவர்கள். அது பள்ளிக்குத் தெற்கே ஒரு குடியிருப்பு. தெலுங்கு பேசுகிற குடும்பங்கள். பிள்ளைகள் வரப்பில் நடந்து நேராக மைதானத்துக்குள் இறங்கிவிடுவார்கள். தெற்குப் பக்கம் சுவர் எழும்பினால் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்த ரோட்டில் கல் லாரி ஓடுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். மேட்டுக்கொட்டாய் அம்மாக்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: ரோட்டில் விட மாட்டோம், அதைவிடக் கடனை உடனை வாங்கித் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவோம். அவர்கள் போனால் இரண்டு டீச்சரில் ஒருவரை மாற்றிவிடுவார்கள். ஒரு டீச்சரோடு ஐந்து வகுப்பு நடந்தால் மீதிப் பிள்ளைகளும் வேன் ஏறும். பிறகு சுவர் மட்டும் நிற்கும்.

தெற்கே ஒரு சின்னக் கதவு வைத்தால் தீர்ந்தது. டீச்சர் சரி என்றார். தடுத்தது பெரியசாமி மாமா.

பெரியசாமி மாமா எங்கள் அம்மாவின் தம்பி. முன்னாள் மாணவர் என்ற முறையில் அவரும் குழுவில் இருக்கிறார். ஊரில் அவர் வந்து மனை பார்த்துச் சொல்லாமல் யாரும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் உள்ள அத்தனை தலைவாசலும் அவர் கை காட்டிய இடம். நல்ல மனிதர், ஒரு பைசா வாங்க மாட்டார். ஆனால் திசை விஷயத்தில் இரும்பு. தெற்கு எமன் திசை, படிக்கிற பிள்ளைகளை அந்தத் திசையில் நுழைய விடக் கூடாது, எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, பிள்ளைகள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் மேஸ்திரி கடப்பாரை போட மாட்டார். ஊரில் வேறு மேஸ்திரி இல்லை.

"ண்ணா, மாமா உன் பேச்சுன்னாத்தான் கேப்பாரு. நீ சொல்லு" என்றாள் சாந்தி.

அதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நாங்கள் இங்கே வீடு வாங்கியபோது மாமா போனில் கேட்ட முதல் கேள்வி, வாசல் எந்தப் பக்கம் என்பதுதான். வீட்டின் வாசல் நட்ட நடுத் தெற்கு. தெரு அந்தப் பக்கம், நான் என்ன செய்வது. கிழக்கே ஒரு கதவு இருக்கிறது மாமா என்றேன். இருக்கத்தான் செய்தது, துணி துவைக்கிற அறைக்கு. அப்பச் சரி என்று சொல்லிவிட்டு, அந்தக் கதவு வழியாகத்தான் பால் காய்ச்ச உள்ளே போக வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். போனோம். மாவிலை கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு கமேலியாச் செடியின் இலையில் தோரணம் கட்டினோம். சலவை இயந்திரத்தை ஒருக்களித்துத் தாண்டி, கையில் விளக்கோடு என் மனைவி, பின்னால் நான், எனக்குப் பின்னால் சின்னப் பெண் இனியா. அந்தக் கதவின் படத்தை ஊருக்கு அனுப்பினேன். மாமா அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தன் வீட்டில் மாட்டியிருக்கிறார்.

5

ஏரிக்கரையில் பேச்சு நடக்கிற அன்று சாந்தி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை டீ நேரம், இங்கே பிற்பகல். நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். இனியா பள்ளியிலிருந்து வந்து எனக்குப் பின்னால் ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டிருந்தாள். திரையில் மண்வெட்டிகள், தலைத்துண்டுகள், ஒரு வேலமர நிழலில் வட்டமாகப் பெண்கள். மாமா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

நான் மென்று விழுங்கினேன். காலம் மாறிவிட்டது மாமா, சின்னக் கதவுதானே மாமா என்று சுற்றிவளைத்தேன். மாமா சிரித்தார். என்னையே எடுத்து எனக்கு எதிராக வைத்தார். "இவன் வூட்டுக்கும் நான்தான் கெழக்குவாசல்னு சொன்னன். கடல் தாண்டிப் போயும் மாத்தாம வெச்சான். இன்னைக்கு எப்படி இருக்கான் பாருங்க" என்று பெண்களிடம் என்னைக் காட்டினார். எல்லாரும் திரையில் என்னைப் பார்த்தார்கள். நான் நல்ல வாழ்வு வாழ்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்போது லட்சுமக்கா எழுந்தார். மேட்டுக்கொட்டாய்க்காரர், ஒன்றாம் வகுப்புப் பெண்ணின் அம்மா. ஏரிக்கரைப் பேச்சில் அதுவரை வாயைத் திறக்காதவர் என்று சாந்தி பிற்பாடு சொன்னாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல், டீ கிளாஸைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வூடெல்லாம் அந்தப் பக்கந்தானுங்க இருக்குது. தெனம் அங்க இருந்துதான் எங்க புள்ளைங்க வருது. அப்ப அதுங்க எமன் வூட்டுல இருந்தா வருது?"

மாமா உட்கார்ந்திருந்த கல்லைவிட்டு எழுந்தார். அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதற்கு வேறு அர்த்தமும் இல்லை.

என் பின்னாலிருந்து ஒரு குரல். ரொட்டியை மென்றுகொண்டே, தமிழில்.

"தாத்தா, எங்க வீட்டு வாசல் தெற்குதான். கிழக்குல வாஷிங் மெஷின்தான் இருக்கு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அப்பா அது வழியா கூட்டிட்டுப் போனாரு. அப்புறம் எல்லா நாளும் தெற்குதான். நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் சாந்தி. ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. ஒரு நொடி கழித்து யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், பிறகு எல்லாரும். லட்சுமக்காவும் சிரித்துவிட்டார். நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. போனைச் சாந்தியின் கையிலிருந்து வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திரை முழுக்க அவர் மீசை.

"முருகேசு. அந்தக் கதவு கெழக்கதான பாக்குது?"

"ஆமாங்க மாமா."

"அது வழியாத்தான மொதல்ல உள்ள போன?"

"ஆமாங்க மாமா."

"அப்பத் தப்பில்ல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு குச்சியை எடுத்தார். குனிந்து மண்ணில் கோடு போட்டார். தெற்குச் சுவர் நேராகப் போகிறது. பாதி வழியில் ஓர் ஆள் கை நீட்டும் அளவுக்கு மடங்கி உள்ளே வருகிறது, பிறகு மறுபடியும் நேராகப் போகிறது. அந்த மடிப்பில் ஒரு சின்னக் கட்டம் போட்டார். கதவு. சுவர் மடங்கிய இடம் என்பதால் கதவின் முகம் கிழக்கே திரும்பிவிட்டது.

"வழி தெக்கால இருக்கட்டும். கதவு கெழக்க பாக்கட்டும்" என்றார்.

பிள்ளைகள் சுற்ற வேண்டுமா என்று லட்சுமக்கா கேட்டார். வேண்டாம்மா, நேரா வந்து ஒரு திரும்பு திரும்பினா உள்ள என்று மாமா சொன்னார். அதைச் சொல்லும்போது குச்சியைப் பார்த்துத்தான் சொன்னார். நிமிரவில்லை.

சலவை இயந்திரம்தான் பள்ளியைக் காப்பாற்றியது என்று இனியா இன்றுவரை நினைக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. லட்சுமக்கா கேட்டதுமே மாமா உள்ளுக்குள் இறங்கிவிட்டார். இறங்கியவருக்குக் கால் வைக்க ஒரு படி வேண்டியிருந்தது. அதை இவள் ரொட்டி தின்றுகொண்டே கொடுத்தாள்.

6

வெள்ளிக்கிழமை தீர்மானம் எழுதினார்கள். வரைபடத்தை மாற்ற வேண்டும் என்று டீச்சரும் சாந்தியும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாக நடந்தார்கள். போனால் பொறியாளர் களப்பணிக்குப் போயிருப்பார், அவர் இருக்கும் நாளில் கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கும். சுவர் ஏன் மடங்குகிறது என்று கேட்டார்களாம். உள்ளூர்த் தேவை என்று டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதைவிடச் சரியாக யாராலும் எழுத முடியாது.

இதற்கு நடுவில் இனியாவும் சாந்தியும் தனியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். என்னை விட்டுவிட்டு. பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டால் யாருமே வருவதில்லை, நீ எப்படி ஆளைப் பிடித்தாய் என்று இவள் அத்தையைக் கேட்டிருக்கிறாள். "அவங்க எங்க இருக்காங்களோ அங்க நீ போ சாமி" என்றாளாம் அவள். இப்போது இனியா மதிய இடைவேளையில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்காருகிறாளாம். அங்கேதான் பிள்ளைகள் இருக்கிறார்களாம். இதையும் நான் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. என்னிடம் சொல்லாததை அத்தையிடம் தமிழில் சொல்கிறாள் அல்லவா, எனக்கு அது போதும்.

பொங்கல் கழிந்து வேலை முடிந்தது. மேட்டுக்கொட்டாய்ப் பிள்ளைகள் ஒருவர்கூட வேன் ஏறவில்லை. இரண்டு டீச்சரும் இருக்கிறார்கள். நேற்று படம் வந்த கையோடு நான் சாந்தியைக் கூப்பிட்டேன். அந்தக் கதவின் சாவியை மாமா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். காலையில் அவர்தான் வந்து திறக்கிறார், சாயங்காலம் அவர்தான் பூட்டுகிறார். முதல் நாள் லட்சுமக்காவின் மகளை முதலில் உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவள் பின்னால் தானும் நுழைந்தாராம். சாந்தி அடுத்ததை ஆரம்பிப்பதற்குள், கதவைப் பூட்ட வந்திருந்த மாமா அவளிடமிருந்து போனை வாங்கிவிட்டார். சலவை அறைக் கதவின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாரா என்று கேட்க எனக்கு ஆசை, தைரியமில்லை.

அவரே ஒன்று கேட்டார். "நீ இருக்கற ஊரு நம்மூர்ல இருந்து எந்தப் பக்கம்டா?"

தெற்கே மாமா, ரொம்பத் தெற்கே என்றேன்.

அவருக்குப் பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது, பள்ளி விடும் நேரம்.

"அப்ப வரும்போது ரோட்டு வாசல்ல வராத. பாப்பாவக் கூட்டிக்கிட்டு அந்தக் கதவு வழியா வா" என்றார். "தெக்கால இருந்து வர்றவங்களுக்குத்தான் அது."